எத்தனைக்கு எத்தனை

நான்கு வருஷங்களாக, அநேகமாக ஒவ்வொரு ராத்திரியும், நான் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லாததற்கு என் வயது ஒரு காரணம். இன்னொரு காரணம், கணிப்பொறியில் விளையாடுவது என்பது நம் வட்டத்தில் பட்டிமன்றத்துக்குப் போய்வருவதைவிடச் சற்றுக் கீழான காரியம் என்பது. என் தங்கை மகன் வெளியூர் போகும்போது தன் பழைய கணிப்பொறியையும் அதோடு இணைக்கும் ஒரு ஸ்டியரிங்கையும் என் அறையில் விட்டுப் போனான். அப்படித்தான் ஆரம்பித்தது. விளையாட்டின் பெயர் யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2. ப்ராக் நகரத்து எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 2012 அக்டோபரில் வெளியிட்டது. ஐரோப்பாவை ஏறத்தாழப் பத்தொன்பதில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். சுடுவதில்லை, கொல்வதில்லை. ஓர் ஊரில் சுமையை மாட்டிக்கொண்டு இன்னோர் ஊரில் கழற்றிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். மழை பெய்யும், வைப்பர் ஆடும். தனிமை பற்றி நாம் எழுதித் தள்ளிய பல கவிதைகளைவிட அந்த வைப்பர் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஓட்டுவதைப் பற்றி அல்ல, மதிப்பெண் பற்றி.

விளையாட்டில் முதலில் பிறர் லாரியைக் கூலிக்கு ஓட்டுகிறோம். பிறகு வங்கிக் கடன் வாங்கிச் சொந்த லாரி. பிறகு இன்னொரு கராஜ், இன்னொரு லாரி. ஒரு கட்டத்தில் முதலாளியாகிவிடுகிறோம். அங்கங்கே ஊர்களில் ஆள் எடுக்கும் ஏஜென்ஸிகள் இருக்கின்றன. உள்ளே போனால் வரிசையாக முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பெயர், பக்கத்தில் ஓர் எண், தசமப் புள்ளியோடு. அதுதான் அந்த ஓட்டுநரின் மதிப்பு. மேல்வரம்பு 10. வேலை தேடி நிற்பவர்கள் பெரும்பாலும் கீழ்ப்படிகளில் இருப்பார்கள். 1,500 யூரோ கொடுத்தால் ஆள் நம்முடையவர்.

அந்த எண் எதனால் ஆனது என்று பார்த்தேன். திறமைகளை ஆறாகப் பிரித்திருக்கிறார்கள்: அபாயகரமான சரக்கு, நெடுந்தூரம், விலையுயர்ந்த சரக்கு, உடையக்கூடிய சரக்கு, குறித்த நேரத்தில் சேர்ப்பது, எரிபொருள் சிக்கனம். ஒவ்வொன்றிலும் ஆறு படிகள். ஓட்டுநர் வேலைக்குப் போய்வரப்போய்வர அனுபவம் சேர்கிறது, அனுபவம் சேர்ந்தால் படி ஏறுகிறது, படி ஏறினால் எண் ஏறுகிறது. எதில் பயிற்சி பெற வேண்டும் என்பதை ஓட்டுநர் தீர்மானிப்பதில்லை, நான் தீர்மானிக்கிறேன். எண் கூடினால் நல்ல கூலியுள்ள சுமை கிடைக்கும். குறைந்த எண்காரர்கள் சில சமயம் திரும்பும்போது சுமையில்லாமல் காலி வண்டியோடு வருகிறார்கள். இந்த எண் ஏறி நான் பார்த்திருக்கிறேன், இறங்கிப் பார்த்ததில்லை. என் ஆட்களில் ஒருவரையும் நான் சாலையில் சந்தித்ததும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் அவர்கள் ஒரு வரி. போன ஊர், வந்த பணம், டீசல் செலவு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006இல் இயற்றிய ஒரு விதி இருக்கிறது. எண் 561. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் லாரி ஓட்டக்கூடாது (வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம்), நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை 45 நிமிஷம் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. அதே விதியின் பத்தாம் பிரிவு, ஓட்டுநருக்கு அவர் ஓடிய தூரத்தையும் சுமந்த சரக்கையும் கணக்கிட்டு, சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும்படியாகச் சம்பளமோ போனஸோ தரக்கூடாது என்கிறது. எண்ணால் தூண்டப்பட்ட மனிதன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விளையாட்டு இதற்கு நேர்மாறு. அங்கே தூரம்தான் அனுபவம். எனக்கும் அப்படித்தான். 'புதியவன்' என்பதில் தொடங்கிப் பட்டங்கள் வளர்ந்துகொண்டே போய் முடிவில் 'தெய்வீகச் சாம்பியன்' என்று வருகிறது. (நம் ஊர்க் கவிஞர்களுக்கு மேடையில் கிடைப்பதைவிட இது ஒன்றும் மோசமில்லை.)

ஒருநாள் என் ஐந்து இடங்களும் நிரம்பிவிட்டன. 3.4 மதிப்புள்ள ஒருவர் ஏஜென்ஸியில் நின்றார். என்னிடம் 0.8இல் ஒருவர் இருந்தார். அவரை நீக்கினேன். ஒரு பொத்தான், 'நிச்சயமா?' என்று ஒரு கேள்வி, இன்னொரு பொத்தான். முகம் போய்விட்டது. எனக்கு அதில் ஒரு சுகம் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சிறிய, நேர்த்தியான சுகம். அதை நான் முன்பே அறிவேன். எங்கே என்று யோசித்துக்கொண்டு படுத்தேன். விடிகாலை மூன்று மணிக்குத்தான் பிடிபட்டது.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். ரகசிய அறிக்கை என்று ஒன்று இருந்தது. ஊழியரைப் பற்றி அதிகாரி ஆண்டுதோறும் எழுதுவது. அது பாதகமாக இருந்தால் ஒழிய ஊழியரிடம் காட்டமாட்டார்கள். 2008இல் உச்ச நீதிமன்றம் தேவ் தத் வழக்கில் எல்லாப் பதிவையும் அவரவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அடுத்த வருஷம் அறிக்கையின் பெயரே மாறியது, எண் வந்தது. 1 முதல் 10 வரை. வேலையின் விளைவுக்கு 40 சதவீதம், குணநலன்களுக்கு 30, செயல்திறனுக்கு 30. 8க்கு மேல் 'மிகச் சிறப்பு', 6 முதல் 8க்குள் 'மிக நன்று', 4 முதல் 6க்குள் 'நன்று'. 4க்குக் கீழே போனால் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

எண் வந்ததும் எங்களுக்கெல்லாம் நிம்மதியாக இருந்தது. அதற்கு முன்பு வாக்கியம் எழுத வேண்டும், வாக்கியம் எழுதினால் யோசிக்க வேண்டும். இந்த இடத்தில் நம் பழைய சண்டை ஒன்று ஞாபகம் வருகிறது. க.நா.சு. பட்டியல் போடுகிறார் என்று எரிச்சல்பட்டவர்கள் எத்தனை பேர்! செல்லப்பா, அலசு, காரணம் சொல், பிறகு முடிவுக்கு வா என்று 'எழுத்து' பக்கங்களில் மன்றாடினார். நான் என் இருபதுகளில் செல்லப்பா கட்சி. பட்டியல் என்பது சோம்பேறியின் விமர்சனம் என்று கையெழுத்துப் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். அதே நான் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மார்ச் முடிந்ததும் பதினான்கு மனிதர்களுக்கு ஒரே மத்தியானத்தில் எண் போட்டிருக்கிறேன். க.நா.சு.வாவது படித்துவிட்டுப் போட்டார்.

அந்தப் பதினான்கில் ஒருவர் எங்கள் அலுவலக வண்டியின் ஓட்டுநர். பதினொரு வருஷம் அவர் ஓட்டிய வண்டியின் பின் இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வருஷம் அவருக்கு நான் போட்டது இப்படி: குணநலன் 6, செயல்திறன் 6, வேலையின் விளைவு 5. கூட்டிக் கழித்தால் 5.6. வேலைக்கு ஏன் 5 என்று நானே கேட்டுக்கொண்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடிய பதில், வண்டி ஓட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது, எல்லோரும் ஓட்டுவதுதானே என்பதாக இருந்திருக்கும். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பதவி உயர்வில்லாமல் தேங்கிப்போகிறவர்களுக்கு 10, 20, 30 வருஷங்களில் சம்பளப் படியை உயர்த்தித் தரும் திட்டம் ஒன்று உண்டு. அதற்கு 'நன்று' போதும் என்றிருந்தது, 2016 ஜூலையில் 'மிக நன்று' வேண்டும் என்றாயிற்று. 5.6 'நன்று'. வேலைக்கு நான் 6 போட்டிருந்தால் சரியாக 6.0 வந்திருக்கும். அவருடைய முப்பதாவது வருஷத்து உயர்வு தள்ளிப்போயிற்று. என் அறிக்கை மட்டும்தான் காரணமா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை. ஆட்சேபணை இருந்தால் 15 நாளில் எழுதித் தரலாம் என்பது விதி. தாளை அவரிடம் நீட்டியபோது அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "சார் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இப்போது எனக்கு லாரி ஓட்டத் தெரியும், பொம்மை லாரிதான் என்றாலும். ட்ரெயிலரைப் பின்னால் எடுப்பது என்பது மூளையைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. ட்ரெயிலர் இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். அது போக ஆரம்பித்ததும் உடனே மறுபக்கம் திருப்பி அதன் பின்னாலேயே போக வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் வண்டி கத்தரிபோல் மடிந்துவிடும். முதல் மாதத்தில் சரக்கு இறக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தாமலே, 'நிறுத்த வேண்டாம்' என்ற பொத்தானை அமுக்கித் தப்பித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் புள்ளி கிடையாது. இறக்கத்தில் பிரேக்கை மிதிப்பவன் மட்டமான ஓட்டுநர். வண்டி தானாக வேகம் குறையும் இடத்தை அரைக் கிலோமீட்டர் முன்பே தெரிந்து காலை எடுப்பவன்தான் ஓட்டுநர். கண்ணாடிச் சரக்கு ஏற்றிக்கொண்டு ஒரு நாற்பது டன்னை, உள்ளே எதுவும் அசையாமல் நிறுத்துவதற்கு எனக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் பிடித்தது.

அந்த ஒரு வருஷத்தின் முடிவில்தான் என் பழைய பெட்டியில் சில தாள்களைத் தேடி எடுத்தேன். அலுவலகம் போகும்போதும் வரும்போதும் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து பத்திரிகைப் புரூஃப் திருத்துவது என் பழக்கம் (அரசாங்க வண்டி; மன்னிக்கவும்). அந்தப் புரூஃப்கள். ஓரங்களில் என் கையெழுத்து. கமா சேர்த்தது, ஒற்று நீக்கியது, வரி மாற்றியது. பொடி எழுத்து. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதியவை. நகரத்தின் சாலைகளில், பள்ளங்களில், மாட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில். தாள் தாளாகப் பார்த்தேன். ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. வேலையின் விளைவு என்று படிவத்தில் கேட்டார்களே, அது இத்தனை நாளும் என் மடியில்தான் இருந்திருக்கிறது.

இதே விளையாட்டை மற்றவர்களோடு சேர்ந்து ஆடவும் வழி உண்டு. ட்ரக்கர்ஸ்எம்பி என்று ஆர்வலர்கள் 2014இல் ஆரம்பித்தது. அங்கே எதிரில் வரும் லாரியில் நிஜமாகவே ஒரு ஆள் இருக்கிறார். அங்கே யாருக்கும் பத்துக்கு இத்தனை என்று கிடையாது. வேறு மாதிரி ஏற்பாடு. யாராவது வேண்டுமென்றே இடித்தால், இடிபட்டவர் அதை வீடியோ எடுத்து அனுப்பலாம். கண்காணிப்பாளர் பார்த்துவிட்டு இடித்தவரைச் சில நாட்களுக்கோ சில மாதங்களுக்கோ விலக்கி வைப்பார். விலக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். அறிக்கை, ஆட்சேபணை, மேலதிகாரி என்று எல்லாம் எனக்குப் பழக்கமானதுதான். ஒரே வித்தியாசம், இங்கே சாட்சியம் வேண்டும்.

கலேவிலிருந்து டூயிஸ்பர்க் போகும் சாலையில் எப்போதும் நெரிசல். உலகத்தின் பொறுமையின்மை முழுவதும் அங்கே வரிசையில் நிற்கும். ஒருநாள் அங்கே முன்னால் நின்ற வண்டியில் நான் போய் மோதினேன். தவறு முழுக்க என்னுடையது. சன்னல் பக்கம் அணில் சத்தம் கேட்டுத் திரும்பினேன், அவ்வளவுதான். அந்த ஆளின் வண்டி ஓரத் தடுப்பில் போய் ஒட்டிக்கொண்டது. அரைமணி நேரம் ஓட்டி வந்த சுமை பாழ். நான் மன்னிப்பு என்று தட்டச்சு செய்வதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டே எழுத்து வந்தது, பரவாயில்லை என்று பொருள்படும் குறுக்கம். யாரோ, எந்த நாட்டானோ. இரண்டு நாள் என் கணக்குக்குள் போகவே பயந்துகொண்டிருந்தேன். என்மேல் புகார் எதுவும் இல்லை.

சென்ற தை மாதம் அந்த ஓட்டுநர் வீட்டுக்கு வந்தார். மகனுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க. பழம், பூ, தட்டு எல்லாம் முறைப்படி. தலை முழுக்க நரைத்திருந்தது. மேஜையில் ஸ்டியரிங்கைப் பார்த்துவிட்டார்.

"என்ன சார் இது?"

காட்டினேன். உட்காரச் சொன்னேன், தயங்கினார். என் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது வண்டிக்குள் மட்டும்தான், அதுவும் முதுகை. கடைசியில் உட்கார்ந்தார். ட்ரெயிலரைப் பின்னால் எடுக்கச் சொல்லி, கஷ்டமான இடமாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஸ்டியரிங்கை இரண்டு முறை சும்மா ஆட்டிப் பார்த்தார். பிறகு இடது கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் உள்ளே விட்டார். எனக்கு அந்த இடம் இன்றுவரை ஒரே தடவையில் வந்ததில்லை.

5.6 பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் காப்பி வந்துவிட்டது. அவர் திரையில் இருந்த என் ஆட்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்கள்லாம் யாரு சார்?"

"என்கிட்ட வேலை பார்க்கறவங்க."

"இந்த நம்பரு?"

சொன்னேன். பத்துக்கு இத்தனை என்று. தலையை ஆட்டிக்கொண்டார். விரலால் ஒவ்வொரு பெயராகக் கீழே வந்து கடைசிப் பெயரில் நின்றார்.

"இந்த 0.9 ஆளு புதுசா?"

"இல்ல. வந்து ரொம்ப நாளாச்சு."

"வண்டி குடுத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன். அந்த விலைக்கு லாரி வாங்கி அவனை நம்பிக் கொடுப்பானேன் என்று விட்டுவைத்திருந்தேன்.

"வண்டி குடுங்க சார். வண்டி குடுக்காம எப்படி ஏறும்?" என்று சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டார். பிறகு முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரைக்குள், அவசியம் வர வேண்டும், மண்டபம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்று வழி சொல்ல ஆரம்பித்தார்.