சில பக்கம் மட்டும் வரல

மே 12, திங்கள்

கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் நடத்தும் அக்கா காலையிலேயே கூப்பிட்டார். "தம்பி, நெட் இருக்கு. ஆனா சில பக்கம் மட்டும் வரல. சுத்திக்கிட்டே நிக்குது." போன வாரத்து இடி மின்னலில் பழைய ரவுட்டர் கருகிப் போனது. இணைப்புக் கொடுத்தவர்கள் வேறொன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். தொல்லை அன்றைக்கே ஆரம்பித்திருக்கிறது. அவர்களிடம் முறையிட்டபோது யூடியூபை ஓடவிட்டுக் காட்டி, "நல்லாத்தான் ஓடுது, அந்த வெப்சைட்லதான் கோளாறு" என்று சொல்லிவிட்டார்களாம்.

அக்கா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் குறித்துக்கொண்டேன். 'நெட் வரல' என்றால் ஒரு திசையில் தேட வேண்டும். 'சில பக்கம் வரல' என்றால் தேட வேண்டிய திசையே வேறு. புகார் சொல்பவருக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று நினைத்து அவர் பேச்சைப் பாதியில் வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நாள் முழுக்க அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் அவர்தானே.

மாலையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீடு. எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை வருகிறது. யாரோ வைரஸ் என்று சொல்லி அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். "கரண்ட் போயிட்டு வந்தாத்தான் தம்பி இப்படி ஆகுது" என்றார் சார். அது போதுமாக இருந்தது. திரையின் மூலையில் கணினி 2009ஆம் ஆண்டைக் காட்டிக்கொண்டிருந்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. 2009இல் நின்றுவிட்ட கணினிக்கு இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் தொடங்கவே இல்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றி, தேதியைச் சரிசெய்தேன். எல்லாத் தளமும் திறந்தது.

மே 13, செவ்வாய்

அக்கா கடையில் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வந்த பிள்ளைகள் பெஞ்சில் காத்திருந்தார்கள். ஒரு பையன், "அண்ணா, என் போன் டேட்டால அந்த சைட் உடனே வருது. கடை வைஃபைல போட்டா நிக்குது" என்றான். அப்படியானால் தளம் நலமாக இருக்கிறது. கோளாறு இந்தக் கம்பியின் வழியில்தான்.

பெயரைக் கொடுத்து ஐபி முகவரியைக் கேட்டதும் டிஎன்எஸ் நொடியில் பதில் தந்தது. வெளியே பிங் அனுப்பினால் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தது. மைக் மூஸ் 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில், வலைப்பின்னல் ஒன்று தாறுமாறாக நடந்துகொண்டதால் ஒரு மாலைப்பொழுதில் எழுதிய சிறிய நிரல் அது. இன்றும் எங்கள் கை முதலில் போவது அதனிடம்தான். ஆனால் விண்டோஸில் சாதாரண பிங் சுமந்து செல்வது வெறும் 32 பைட். சிறியது போய் வருகிறது என்பதற்காகப் பெரியதும் வரும் என்று சொல்லிவிட முடியாது.

தளத்தின் 443ஆம் போர்ட்டுக்கு இணைப்பும் கிடைத்தது. அதன் பிறகு, தளம் தன் சான்றிதழை அனுப்ப வேண்டிய இடத்தில் எல்லாம் நின்றது. கைகுலுக்கலுக்கான பாக்கெட்டுகள் சின்னவை. சான்றிதழ் ஒரே பாக்கெட்டில் அடங்காத அளவு பெரியது. இங்கேதான் அக்கா சொன்ன 'சில பக்கம்' எனக்கு விளங்கத் தொடங்கியது.

துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு பெரிய பிங் அனுப்பினேன். 1472 பைட் போகவில்லை. குறைத்துக்கொண்டே வந்தேன். 1464 போனது. தலைப்புகளுக்கு 28 சேர்த்தால் 1492. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ முறை (1999இல் வந்தது) ஒவ்வொரு பாக்கெட்டிலும் தனக்கென 8 பைட் எடுத்துக்கொள்கிறது. அந்த 8 பைட்தான் இந்தப் பிள்ளைகளைக் காக்க வைத்திருக்கிறது.

வழி குறுகலாக இருப்பது குற்றமில்லை. அதற்கு 1990இலேயே முறை வகுத்திருக்கிறார்கள். பாக்கெட் பெரிதாக இருந்தால் வழியிலுள்ள ரவுட்டர் அதைக் கைவிட்டு, 'இந்த அளவுக்குச் சிறிதாக்கி அனுப்பு' என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி செய்தி எழுதும். ஆனால் சில தளங்களின் ஃபயர்வாலில் பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி மொத்தத்தையும் அடைத்து வைக்கிறார்கள். கடிதம் போய்ச் சேருவதில்லை. தளமோ அதே 1500 பைட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பயனருக்குப் பிழைச் செய்திகூட வராது. வட்டம் மட்டும் சுற்றும். வாசலை அடைத்துவிட்டு, உள்ளே யாரும் உதவி கேட்கவில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது இது. மக்களுக்குச் சேவை தரும் தளத்தை நடத்துகிறவர்கள் இதைச் செய்யவே கூடாது என்பேன்.

யூடியூப் ஏன் ஓடியது என்பதும் புரிந்தது. கூகுள் சேவைகள் பெரும்பாலும் குவிக் நெறிமுறையில் வருகின்றன. அது 1500ஐ எதிர்பார்ப்பதில்லை. 1200 பைட் போனாலே அதற்குப் போதும். ஆக, நலமாக இருக்கிறது என்று காட்டிய சோதனை இந்தக் கோளாறு எட்டாத இடத்தில் நடந்த சோதனை.

ரவுட்டரின் அமைப்புகளில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் அணைந்து கிடந்தது. அதை இயக்கி 1452 என்று வைத்தேன்: 1492லிருந்து ஐபிக்கும் டிசிபிக்கும் சேர்த்து 40 பைட் கழித்த கணக்கு. இனி இணைப்பு தொடங்கும்போதே ரவுட்டர் இந்த அளவைச் சொல்லிவிடும். யாருடைய கடிதத்தையும் நம்பியிருக்க வேண்டாம். அந்தப் பையன் பக்கத்தை மறுபடி ஏற்றினான். வந்துவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் போட்டு முடிச்சிடலாம்" என்று அக்கா வரிசையைக் கூப்பிட்டார்.

மே 14, புதன்

காலையில் அக்காவிடம் பேசினேன். நேற்று வந்தவர்கள் யாரும் விண்ணப்பம் போடாமல் திரும்பவில்லை. ரவுட்டரை யாராவது ரீசெட் செய்தால் இந்த அமைப்பு அழிந்துவிடும். அதனால் 1452 என்ற எண்ணையும் அது இருக்க வேண்டிய இடத்தையும் தாளில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டச் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னார். அந்த மின்னலில் அவருடைய தெருவில் வேறு சில வீடுகளிலும் ரவுட்டர் போய், இதே மாதிரியைத்தான் மாட்டியிருக்கிறார்களாம். அங்கிருந்து எனக்கு அழைப்பு எதுவும் வரவில்லை. யூடியூப் ஓடுகிறதே என்று அவர்களும் வெப்சைட்டைத்தான் நொந்துகொண்டிருப்பார்கள். நாளை காலை அந்தத் தெருவுக்குப் போய் வீடு வீடாக, "எந்தப் பக்கமாவது வராம நிக்குதா?" என்று கேட்க வேண்டும்.