கோதுமை ஒவ்வாத வயிறு

அரபு மருத்துவ நூல்களில் ‘ஸலகுல் அம்ஆ’ என்றொரு சொற்றொடர் வரும். ‘குடலின் வழுக்கல்’ என்பது அதன் நேர்ப்பொருள். உண்ட உணவு செரிக்காமலும் உடலில் ஒட்டாமலும் வழுக்கி வெளியேறிவிடும் நிலையை அது குறிக்கும். இப்னு ஸீனா தமது ‘அல்கானூன்’ என்னும் பெருநூலில் இதனைப் பேசுகிறார். அதே வேர்ச்சொல்லைக் கொண்டு இக்கால அரபு மருத்துவர்கள் ஒரு நோய்க்கு ‘அத்தாவுஸ் ஸுலாகீ’ எனப் பெயரிட்டுள்ளனர். மேனாட்டார் அதனைச் சீலியாக் நோய் என்பர். வயிற்றைக் குறிக்கும் ‘கொய்லியா’ என்ற கிரேக்கச் சொல்லே அப்பெயருக்கு மூலம். கப்படோசியா நாட்டு அரிட்டேயஸ் என்னும் பண்டை மருத்துவர் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய நோயாளிகளை விவரித்து எழுதிவைத்தார்.

நோய் பழையது, அதன் காரணம் புலப்பட்டதோ நேற்று. 1887-ஆம் ஆண்டு சாமுவேல் ஜீ என்ற ஆங்கில மருத்துவர், இலண்டன் மாநகரின் குழந்தைகள் மருத்துவமனையில் ஆற்றிய சொற்பொழிவில், இந்நோய்க்குத் தீர்வு உண்டெனில் அது உணவு வழியாகத்தான் கிட்டும் என்றார். எந்த உணவு என்பது அவருக்கும் விளங்கவில்லை. 1924-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ், வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவு கொடுத்துப் பல குழந்தைகளைத் தேற்றினார். பழமே குணமாக்கியது என்று உலகம் நம்பிற்று. உண்மையில் குணமளித்தது தட்டில் இருந்த பழமன்று. தட்டில் இல்லாமற்போன கோதுமையே.

இம்மறைபொருளை வெளிக்கொணர்ந்தவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1930-களிலேயே அவருக்குக் கோதுமையின்மீது ஐயம் எழுந்திருந்தது. உலகப்போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியது. ரொட்டி அரிதாயிற்று. ஊரே மெலிந்த அந்நாளில் இந்நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் டிக்கே இதனை நிறுவினார்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப்புரதம் உண்டு. மாவைப் பிசையும்போது இழுபடும் தன்மையைத் தருவது அதுவே. இந்நோய்க்குரிய பிறவிக்கூறு உடையவர்களில் சிலருக்கு, அப்புரதம் குடலைச் சேர்ந்ததும் உடலின் காவற்படை தன் குடலையே பகையெனக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. பிறகு எவ்வளவு உண்டாலும் பயனில்லை. சிலருக்குப் பேதியும் வயிற்று உப்பலும். சிலருக்கு வளர்ச்சிக் குறைவு. சிலருக்கு மருந்துக்கு அடங்காத இரத்தசோகை. சிலருக்கு எலும்புத் தேய்வு. வயிற்றில் நோவே இல்லாமல் இந்நோய் குடியிருப்பதும் உண்டு.

இது வெள்ளையர் நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1966-லேயே வட இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் காணப்பட்ட செய்தி பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆப்பிரிக்கப் பாலைவனத்தின் ஸஹ்ராவி முஸ்லிம் மக்களின் குழந்தைகளில் நூற்றுக்கு ஐவருக்கு மேல் இந்நோய் இருப்பதைக் காட்டிற்று.

நம்மைப் பற்றிய செய்தி 2016-இல் கிடைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பி. எஸ். ராமகிருஷ்ணா முதலானோர் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,331 பேரை ஆராய்ந்தனர். வடக்கே ஆயிரவருள் எட்டுப் பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. தெற்கே பத்தாயிரவருள் ஏறத்தாழ ஒருவருக்குத்தான். அப்படியானால் நம் பிறவிக்கூறு வேறோ? அதுவுமில்லை. நோய்க்குரிய அக்கூறு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும் தெற்கே 36 பேரிடமும் இருந்தது. வேறுபாடு தட்டில்தான். வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை 455 கிராம். தெற்கே 25 கிராம். நம்மைக் காத்து நிற்பது பெரும்பாலும் நம் சோற்றுப் பானையே என்று எண்ண இடமிருக்கிறது.

அந்தப் பானையின் இடம் இன்று சுருங்கிவருவதை நாம் கண்கூடாகப் பார்க்கிறோம். ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த செங்கல்பட்டுச் சீமை இது. இன்று காட்டாங்குளத்தூரில் புகைவண்டியை விட்டிறங்கி நெடுஞ்சாலைக்கு வந்தால், மாலையில் புரோட்டாக் கல்லின் ஓசைதான் வரவேற்கிறது. மாணவர் விடுதிகளில் இரவு உணவு சப்பாத்தி. வீடுகளில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்றால் குடும்பம் முழுவதற்கும் சப்பாத்தி. நோய் இங்கு அரிது என்பதால் அதனை நினைப்பாரும் அரிது. இருக்கும் ஒருவரின் துன்பம் அதனாலேயே நீள்கிறது.

நம் நண்பர் ஒருவரின் மகளுக்கு நேர்ந்ததும் அதுவே. தகப்பனாருக்குச் சர்க்கரை நோய் கண்டது முதல் அவ்வீட்டில் இரவுதோறும் சப்பாத்தி. பதினாறாம் வயதில் அப்பெண்ணுக்கு இரத்தசோகை கண்டது. இரும்புச்சத்து மாத்திரைகளைப் பெட்டி பெட்டியாக விழுங்கினாள், இரத்தம் ஏறவில்லை. பூச்சி மருந்து கொடுத்தனர். கண்ணேறு என்று ஓதிப் பார்த்தனர். மெலிவைக் கண்டு, வந்த சம்பந்தம் ஒன்றும் விலகிப்போயிற்று. ஆறாண்டுகளுக்குப் பின் ஓர் இளம் மருத்துவர், “இரவில் என்னம்மா சாப்பிடுகிறாய்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி இரத்தப் பரிசோதனைக்கும், பிறகு குடற்சதைப் பரிசோதனைக்கும் வழிகாட்டியது. கோதுமை நின்றது, எட்டு மாதங்களில் பெண்ணின் முகத்தில் இரத்தம் ஓடியது.

“ஹஜ்ரத், ஆறு வருஷமா ஊரெல்லாம் மருந்து தேடினோம். நோயைத் தெனமும் நாங்களே தட்டுல வெச்சுக் கொடுத்திருக்கோம்” என்று நண்பர் நம்மிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

அத்தோடு சோதனை முடிந்ததா? இல்லை. உறவினர் வீட்டு வலீமாவில் பெரியம்மா ஒருவர், “ஒரு வாய் தின்னா என்னம்மா ஆயிடும்?” என்று ரொட்டியைப் பிட்டு ஊட்டினார். மறுக்க அஞ்சி உண்டாள். ஒரு வாரம் படுத்தாள். இந்நோயாளிக்கு ஒரு வாயும் கணக்கில் சேரும். பொட்டலத்தின்மீது குளூட்டன் அற்றது என்று அச்சிட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குக் குறைவாகவே அது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. அவ்வளவு நுட்பம்! ரவை, மைதா, பெருநாள் சேமியா, ஹலீம், சமோசா ஆகியவை எளிதில் தெரிபவை. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பதும், சோயா சாஸில் கோதுமை சேர்வதும் பலருக்குத் தெரியா. ஆயின் நம் அடுக்களை வறியதன்று. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், அரிசிப் பத்திரி, கேழ்வரகு, கம்பு, தினை, அரிசியில் காய்ச்சிய நோன்புக் கஞ்சி என அவளுக்கு ஆகும் உணவுகள் எத்தனை!

பித்ரா பாடம் நடத்தும்போது மாணவர்களுக்கு நாம் ஒன்றைச் சுட்டுவதுண்டு. ஹனஃபி நூல்கள் கோதுமையில் அரை ஸாவு என அளவு கூறும். ஷாஃபிஈ நூல்களோ அவ்வூரின் முதன்மை உணவில் ஒரு ஸாவு என்னும். அதனால்தான் நம் ஊர்களில் அரிசி அளக்கிறோம். ஊருக்கு ஊர் உணவு வேறு என்பதைச் சட்ட அறிஞர்கள் மதித்தார்கள். ஆளுக்கு ஆள் வயிறு வேறு என்பதை நம் விருந்துகள் மதிக்கலாகாதா?

எனவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுதான். கோதுமை நஞ்சன்று, பெரும்பாலோர்க்கு அது நல்லுணவே, அச்சத்தால் எவரும் விட வேண்டா. ஆனால் குழந்தை வளராமல் நின்றாலோ, இரத்தசோகை மருந்துக்கு அடங்காவிட்டாலோ, பேதி மாதக்கணக்கில் நீடித்தாலோ, “சீலியாக் நோயாக இருக்குமா?” என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் சோதனையில் மறைந்துகொள்ளும். நோய் உறுதியானபின் வாழ்நாள் முழுதும் விலக்குங்கள். விருந்துக்கு வருவோருள் அப்படி ஒருவர் இருப்பின், வற்புறுத்தும் அன்பை விடுத்து, தனிச் சட்டியில், தனிக் கரண்டியால் அவருக்கெனக் கொஞ்சம் சோறு எடுத்துவையுங்கள். அவர் அச்சமின்றி உண்டு எழுவதைவிட விருந்தளிப்போர்க்கு வேறென்ன சிறப்பு வேண்டும்?