ஏறும் முன் இறங்கும் வழி

மலை ஏறியவர்களின் கதையை உலகம் விரும்பிக் கேட்கிறது. இறங்கியவர்களின் கதையைக் கேட்பார் அரியர். உச்சியில் நின்று எடுத்துக்கொண்ட படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்போர் பலர். அடிவாரத்தில் நலமாக வந்து சேர்ந்தபோது எடுத்த படத்தை மாட்டி வைத்தவர் ஒருவரையேனும் நாங்கள் கண்டதில்லை. ஆயினும், ஏறுதல் என்பது பயணத்தின் முற்பாதியே. பிற்பாதிதான் மனிதனை அவன் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிறது.

இந்த எண்ணம் சில மாதங்களாக எங்களை விட்டு அகலவில்லை. அதற்குக் காரணம் உண்டு. வரும் பிப்ரவரித் திங்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்பட்டு, நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டாவுக்கு மிதிவண்டியிலேயே ஏறி, மிதிவண்டியிலேயே இறங்கி வருவதென்று முடிவு செய்திருக்கிறோம். நாங்கள் மூவர். இருவர் ஐம்பது வயதைக் கடந்த உடன்பிறந்தோர். மூன்றாமவள் எங்களுள் மூத்தவரின் மகள், கல்லூரி மாணவி. மூவருக்கும் இதுவே முதல் மலைப்பயணம். ஊரில் சமவெளிச் சாலையில் வண்டி ஓட்டிப் பழகிய கால்கள், 2,637 மீட்டர் உயரத்தை இனிமேல்தான் அறியப்போகின்றன.

மலையின் காலடியில் பிறந்து வளர்ந்தவர்கள் இத்தனை ஆண்டுகள் ஏன் ஏறவில்லை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எங்கள் அத்தா மேட்டுப்பாளையத்தில் வாடகை மிதிவண்டிக் கடை வைத்திருந்தார். மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. பெயரும் நேரமும் எழுத ஒரு நோட்டு. வண்டியை ஒருவர் கையில் கொடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பார். சக்கரம் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் அந்த வண்டி அன்று வெளியே போகாது. வாடகைக்கு எடுப்பவர் எவராயினும் அவருக்கு ஒரே நிபந்தனைதான்: கல்லாற்றுப் பாலத்தைத் தாண்டக் கூடாது.

ஒருமுறை ஓர் இளைஞர் அந்நிபந்தனையை மீறினார். வண்டியைப் பேருந்தின் கூரைமேல் ஏற்றிக் குன்னூர் வரை கொண்டுபோய், அங்கிருந்து உருட்டிவிட்டார். மாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு நடந்தே வந்தார். முழங்கையில் இரத்தம். பிரேக் கட்டையின் ரப்பர் முழுவதும் தேய்ந்து, இரும்புக் கூடு மட்டும் கருகி நின்றது. அத்தா அவரைக் கடிந்துகொள்ளவில்லை, வாடகையும் வாங்கவில்லை. காயத்தைக் கழுவிவிட்டு அனுப்பிவைத்தார். அந்தக் கருகிய இரும்புத் துண்டைக் கழற்றி மேசைக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கவிட்டார். அதன்பின் மலைக்கு வண்டி கேட்டு வந்தவர்களிடம் அவர் வாதிட்டதில்லை. விரலால் அந்த ஆணியைச் சுட்டிக் காட்டுவார். "ஏறுவதற்குக் கால் போதும் தம்பி, இறங்குவதற்குப் பிரேக் வேண்டும்" என்பார்.

அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவர் விதித்த எல்லையை மீறுவதன்றி, அவர் கேட்ட நிபந்தனையை நிறைவேற்றிக் காட்டுவதே எங்கள் எண்ணம். அக்காலத்து வண்டிக்கு அந்த மலை உரியதன்று என்பதே அவர் கண்ட உண்மை. வண்டி மாறிவிட்டதா என்பதுதான் எங்கள் முதற் கேள்வியாயிற்று.

மாறித்தான் இருக்கிறது. அந்த மாற்றம் பிறந்த வரலாறும் ஓர் இறக்கத்தின் வரலாறே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்னும் மாவட்டத்தில், 1970-களில் சில இளைஞர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளை மலைச்சரிவான மண்பாதையில் ஓட்டி இறங்குவதை விளையாட்டாகக் கொண்டனர். 1976-இல் அது பந்தயமாகவே நடக்கத் தொடங்கிற்று. அவ்வண்டிகளின் பின்சக்கர அச்சுக்குள் அமைந்த பிரேக், இறக்கத்தின் வெப்பத்தில் கொதித்து, உள்ளிருந்த மசகு புகையாகிப் போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் அச்சைப் பிரித்து மீண்டும் மசகு அடைக்க வேண்டியிருந்தது. ஆகவே அந்தச் சரிவுக்கே 'ரீபேக்', அதாவது 'மீண்டும் அடை', என்று பெயர் விளங்கிவிட்டது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் மலைக்கென்றே புதிய சட்டம் ஒன்றைக் கட்டினார். இன்று மலைமிதிவண்டி என்று கடைகளில் விற்கப்படுவதன் முன்னோர் இவையே. அத்தா ஆணியில் மாட்டிய இரும்பும், கடலுக்கு அப்பால் புகைந்த அந்த அச்சும் ஒரே பாடத்தைத்தான் கூறுகின்றன.

அந்தப் பாடத்தை எண்களில் வைத்துப் பார்த்தோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆக, நாங்கள் ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 2,300 மீட்டர். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 85 கிலோ என்று கொண்டால், அவ்வளவு எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க உடல் எரிக்கும் உணவு சுமார் 2,000 கலோரி. ஒருவர் ஒரு நாளில் உண்பதற்கு ஏறத்தாழ ஒப்பானது. அதில் நாலில் ஒரு பங்கே உண்மையில் உயரமாக மாறுகிறது. எஞ்சியது உடற்சூடாகிக் கழிகிறது. அந்த நாலில் ஒரு பங்கு அழிந்துவிடுவதில்லை. கடன் கொடுத்தவன் வாசலில் காத்திருப்பதுபோல் அது உச்சியில் காத்திருந்து, இறங்கும்போது முழுவதையும் திருப்பிக் கேட்கிறது. ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் அது! அவ்வளவையும் எதிர்காற்றும் சிறிய பிரேக்குகள் இரண்டுமே வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏற்றத்துக்கு வேண்டியதைப் புதிய வண்டி செவ்வனே செய்கிறது. முன்னே 22 பற்கள் கொண்ட சிறு சக்கரமும் பின்னே 34 பற்கள் கொண்ட பெரிய சக்கரமும் சங்கிலியால் இணையும்போது, மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று அதிகமாகவே நகர்கிறது. அத்தாவின் கடை வண்டியோ ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். மெல்ல ஏறும் உரிமையைத்தான் இந்தப் பற்சக்கரம் நமக்கு விலைக்குத் தருகிறது. நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், நடப்பவனின் வேகம். அதில் எங்களுக்கு வெட்கம் ஏதுமில்லை.

மெல்லச் செல்வதற்கு எங்களுக்கு நல்ல ஆசான் ஒருவர் அருகிலேயே இருக்கிறார், நீலகிரி மலைரயில். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய ரயில் அது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் பதித்திருப்பதை எல்லாரும் அறிவர். பலர் கவனியாத செய்தி ஒன்று உண்டு. ஏறும்போது எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது. இறங்கும்போது பெட்டிகளுக்கு முன்னால் நின்று தாங்குகிறது. இருவேளையும் அது பள்ளத்தின் பக்கமே நிற்கிறது. பெட்டிதோறும் பிரேக் பிடிப்பதற்கென்று ஓர் ஊழியரும் நிற்கிறார். அந்தப் பாதையை வகுத்தவர்கள் ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கத்தைப் பற்றியே மிகுதியாகக் கவலைப்பட்டிருக்கிறார்கள் என்பது இதனால் விளங்கும்.

பிரேக் விஷயத்தில் எங்கள் ஏற்பாடு இது. மூன்று வண்டிகளிலும் வட்டத் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் உள்ளது. புறப்படுமுன் கவ்வும் பட்டைகளைப் புதிதாக மாற்றிவிடுவோம். ஆளுக்கு ஒரு மாற்றுப் பட்டையும் பையில் இருக்கும். இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் அழுத்திக்கொண்டே வரலாகாது. வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பின் விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில் காற்று அதைக் குளிர்விக்கும். சில கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று இளைப்பாறுவதும் எங்களுக்காக அன்று, பிரேக்குக்காகவே.

ஒத்திகையாகக் கல்லாற்றிலிருந்து பர்லியாறு வரை இருமுறை போய் வந்தோம். ஏறும்போது மூச்சு வாங்கியது, அது எதிர்பார்த்ததே. இறங்கும்போது கால்கள் சும்மா இருக்க, கைவிரல்கள் மரத்துப்போயின. கழுத்தும் தோளும் இறுகின. இரண்டு நாழிகை உழைத்து ஏறிய வழியைக் கண் இமைக்கும் நேரத்தில் கடந்துவிட்டதுபோல் இருந்தது. அந்தச் சிறிது நேரத்தில் ஒரு கணமேனும் மனம் வேறெங்கும் செல்ல இடமில்லை.

இனி, நாளும் வழியும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மலையின் இந்தப் பக்கத்தைத்தான் தாக்கும். 2009 நவம்பரில் நிகழ்ந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நீலகிரி மறக்கவில்லை. மே மாதத்திலோ கோடை விழாக் கூட்டம். ஆகவே பிப்ரவரி. முதல் நாள் பர்லியாறு வழியாகக் குன்னூர் வரை சுமார் 34 கிலோமீட்டர். இரவு அங்கே தங்கல். மறுநாள் விடியலில் புறப்பட்டு உதகை வழியாகத் தொட்டபெட்டா. பின் கோத்தகிரி வழியாக இறக்கம். அது ஏறத்தாழ 60 கிலோமீட்டர். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதைகளில் வண்டியை விடும் எண்ணம் இல்லை. அது காட்டுமாடும் யானையும் வாழும் இடம், அனுமதியின்றி நுழைவது குற்றமும் ஆகும். உச்சிக்குச் செல்லும் சாலையும் வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. சில நாட்களில் அதை மூடுவதும் உண்டு. எனவே முன்னதாகவே கேட்டறிந்து புறப்படுவோம்.

பையில் வைக்கும் பொருள்களில் முதலிடம் உலர்ந்த சட்டைக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகைக்கு மேல் குளிர் கூடும். கீழே முப்பது பாகை வெயில் என்றால் உச்சியில் பதினைந்தே இருக்கலாம். வியர்வையில் நனைந்த சட்டையோடு எதிர்காற்றில் இறங்குபவன் விரைவில் நடுங்குவான். நடுங்கும் விரல் பிரேக்கைச் சரியாகப் பிடிக்காது. சட்டைக்குள் மார்பின்மேல் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வது பழைய பந்தய வீரர்களின் வழக்கம். அதையும் பின்பற்றுவோம்.

எங்களுக்குள் கருத்து வேற்றுமை எழுந்தது ஒரே இடத்தில்தான். உதகை–கோத்தகிரிச் சாலையிலிருந்து சிகரத்துக்கு வழி பிரியும் சந்திப்பை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் அடையாவிட்டால், உச்சிக்குப் போகாமல் நேரே கோத்தகிரிக்குத் திரும்பிவிடுவது என்று ஒரு விதி எழுதினோம். பெண் அதை ஒப்பவில்லை.

"இவ்வளவு தூரம் ஏறிவந்து, மூன்றே கிலோமீட்டர் இருக்கும்போது திரும்புவதா, சின்னத்தா? ஊரில் கேட்டால் என்ன சொல்வது?" என்றாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. 1996 மே மாதத்தில் எவரெஸ்ட் சிகரத்தில் இரண்டே நாட்களில் எட்டுப் பேர் உயிரிழந்த செய்தியை அவளுக்கு எடுத்துரைத்தோம். திரும்ப வேண்டிய வேளை கடந்த பின்னும் பலர் உச்சியை நோக்கியே சென்றனர். புயல் அவர்களை இறங்கும் வழியில் பிடித்தது. எங்கள் மலை அதற்கு ஒப்பாகாதுதான். எனினும் மாலை மூடுபனியும், குஞ்சப்பனைப் பக்கம் சாலையைக் கடக்கும் யானையும் எங்கள் ஆசைக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அவள் அப்போதும் தலையசைக்கவில்லை.

முடிவு எங்களால் வரவில்லை, அம்மாவால் வந்தது. எண்பதைக் கடந்த அவர் திண்ணையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை மணிக்கு உச்சியை அடைவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க? அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். பெண் சற்று நேரம் பாட்டியின் முகத்தையே பார்த்திருந்தாள். பிறகு தாளையும் பேனாவையும் தானே எடுத்து வந்தாள்.

அந்தத் தாளில் அவள் முதலில் எழுதியது மாலை ஐந்து மணி, வீடு. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கோத்தகிரியைக் குறித்தாள். அதற்கு மேலே சந்திப்பு, பன்னிரண்டு மணி. அதற்கும் மேலே உதகை. எல்லாவற்றுக்கும் மேலே குன்னூரில் கண்விழிக்கும் நேரம், விடியற்காலை நாலரை. உச்சிக்கு நேரம் குறிக்கவில்லை. பக்கத்தில் 'நேரம் இருந்தால்' என்று மட்டும் எழுதி, தாளைப் பாட்டியிடம் கொடுத்தாள்.