வாவியின் மேல் ஒரு பாதை

மட்டக்களப்புக்கு வரும் விருந்தினர் யாவரும் முதலில் வினவுவது பாடும் மீன்களைப் பற்றியே. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது இவ்வூரின் பழைய வழக்கம். நாமும் பலமுறை அவ்வாறு கேட்டிருக்கிறோம். சில இரவுகளில் ஏதோ கேட்டது போலவும் இருந்தது. ஆனால் சென்ற சித்திரை விடுமுறையில் எமது காதுகள் காத்திருந்தது நீருக்கடியிலிருந்து வரும் ஓசைக்கு அன்று. வானத்திலிருந்து வரும் ஓசையைத் தேடியே நாம் வாவியைக் கடந்து திமிலைதீவுக்குச் சென்றோம்.

எம்முடன் வந்தவர் மூவர். விமானங்களைப் பார்த்து அவற்றின் வகையையும் இலக்கத்தையும் கொப்பியில் குறித்துவைக்கும் பைத்தியம் பிடித்த சிறுவர் இருவர். மற்றவர் எழுபது வயதைக் கடந்த எங்கள் பெரியம்மா. திமிலைதீவில் உறவினர் வீடு ஒன்று இருந்தமையால் பெரியம்மா வரச் சம்மதித்தார். “விமானம் பாக்க நான் வரல்ல மனே. அந்த வீட்டில போய் இருந்து ரெண்டு கதை கதைச்சிட்டு வாறன், அவ்வளவுதான்” என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்துவிட்டார். அந்நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. அதனைப் பின்னர் கூறுவோம்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் விரிந்த நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரையென்றும் படும் கரையென்றும் எம் முன்னோர் வைத்த பெயர்கள் இவை. இவ்விரு கரைகளையும் பாலங்கள் இணைப்பதற்கு முன்னர் இணைத்தவை தோணிகளும் ‘பாதை’களுமே. வெளியூர் அன்பர்கள் பாதையென்றால் நிலத்தில் நடந்து செல்லும் வழி என்று எண்ணுவர். மட்டக்களப்பாருக்கோ அது நீரில் மிதக்கும் ஒரு தளம். மனிதரையும் சைக்கிளையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குச் சென்று இறக்கிவிட்டுத் திரும்பும். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் இவ்வாறு பாதையில் கடந்தவர் எத்தனையோ பேர். பெரியம்மா பிறந்தது மண்டூரில். மணமகளாக எழுவான்கரைக்கு வந்ததும் அப்பாதையிலேறித்தான்.

ஆங்கிலேயர் இத்தகைய பாதையை ‘ஃபெரி’ என்பர். வியப்பு என்னவெனில், விமானிகளிடையேயும் ‘ஃபெரி’ப் பறப்பு என்றொன்று உண்டு. ஆலையில் செய்து முடித்த ஒரு சிறு விமானத்தை, கடல்கள் பல கடந்து, வாங்கியவரிடம் பறந்தே கொண்டுபோய்ச் சேர்ப்பது அது. ஒற்றை இயந்திரம் கொண்ட சாதாரண விமானம் ஒரு தடவை நிரப்பிய எண்ணெயில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீற்றரே பறக்கும். எனவே ஆசனங்களைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் எண்ணெய்த் தாங்கிகளைப் பொருத்தி, தனியொரு விமானி தீவுக்குத் தீவு தங்கித் தங்கிச் செல்வார். எந்த இடத்துக்கு அப்பால் சென்றால் திரும்பிவர எண்ணெய் போதாது என்பதைப் புறப்படுமுன்னரே கணக்கிட்டு வைத்திருப்பார். கொழும்பிலிருந்து மாலைதீவின் தலைநகர் மாலே ஏறக்குறைய 770 கிலோமீற்றர். தென்கிழக்கே கொக்கோஸ் தீவுகளோ 2,800 கிலோமீற்றர் அளவில். இடையில் நீரைத் தவிர வேறொன்றில்லை. அதனால் இந்து சமுத்திரத்தில் ஒரு சிறு தீவின் ஓடுபாதை அவ்விமானிக்கு நடுக்கடலிற் கிடைத்த தோணித்துறை போன்றது.

இலங்கைக்கு விமானப் போக்குவரத்து வந்த கதையும் சிறு விமானத்தில்தான் தொடங்குகிறது. 1935 நவம்பர் 27ஆம் திகதி இரத்மலானையின் புதிய தளத்தில் முதன்முதல் இறங்கியது ‘புஸ் மொத்’ என்னும் ஒற்றை இயந்திர விமானம். சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமை ஆசிரியர் டின்டேல் பிஸ்கோ அதனைச் சென்னையிலிருந்து ஓட்டி வந்தார். 1932இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு முதல் விமானத் தபாலைக் கொண்டு பறந்ததும் அவ்வகை விமானத்திலேயே. விமானியுடன் மேலும் இருவர் நெருங்கியமர்ந்தால் நிறைந்துவிடும் சிறு பறவை அது.

எமது வாவியைப் போலக் கடலோரத்தில் அமைந்த மற்றொரு நீர்நிலை தென்னிலங்கையில் காலிக்கு அப்பாலுள்ள கொக்கல வாவி. இரண்டாவது உலக யுத்தத்தில் யப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியதும் அவுஸ்திரேலியாவுக்கான வான்வழி அறுந்தது. 1943ஆம் ஆண்டு தொடக்கம் 1945 வரை கன்டாஸ் நிறுவனத்தார் ‘கற்றலீனா’ என்னும் நீர்விமானங்கள் ஐந்தைக் கொண்டு, கொக்கல வாவிக்கும் பேர்த் நகருக்கும் இடையே 5,600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை எங்கும் தரிக்காது பறந்தனர். எண்ணெயின் பாரத்தால் மூன்று பிரயாணிகளுக்கும் 69 கிலோகிராம் தபாலுக்குமே இடமிருந்தது. பகைவர் அறியாதிருக்க வானொலியை அடக்கிவிட்டு, விண்மீன்களைப் பார்த்தே திசையறிந்தனர். பறப்பு ஒரு நாளுக்கும் அதிகமாக நீடித்தபடியால், அதிலிருந்தோர் ஒரே பிரயாணத்தில் ஞாயிறு இருமுறை எழுவதைக் கண்டனர். ‘இரட்டைச் சூரியோதயம்’ என்றே அச்சேவைக்குப் பெயர் வந்தது. எழுவான்கரை மக்களாகிய நமக்கு இக்கதை மிகவும் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

இவற்றையெல்லாம் சிறுவர்களுக்குக் கூறிக்கொண்டே நகரிலிருந்து மேற்கே வாவியைக் கடந்தோம். மட்டக்களப்பு விமான நிலையம் நகருக்குத் தென்மேற்கே, ஏறக்குறைய 2 கிலோமீற்றர் தொலைவில், வாவி சூழ்ந்த தீவின் மேல் இருக்கிறது. கண்டல் மரங்கள் நீரில் வேரூன்றி நிற்க, கொக்குகளும் நீர்க்காகங்களும் ஆழங்குறைந்த இடங்களில் காத்திருந்தன. இறால் வலை வீசுவோர் ஓரிருவர் இடுப்பளவு நீரில் நின்றனர். ஓடுபாதையைச் சுற்றி வேலி. அப்பால் விமானப்படையினரின் காவல். நாம் வேலிக்கு வெகுதூரம் இப்பால், உறவினர் வீட்டு முற்றத்து வேப்பமர நிழலில் பாயை விரித்து அமர்ந்தோம். விமானம் பார்க்க விரும்புவோர் அவ்விதமே விலகி நின்று பார்த்தலும், புகைப்படக் கருவியை வீட்டில் வைத்துவிட்டு வருதலும் நன்று.

வீட்டுக்காரர் எருமைத் தயிரும் சர்க்கரையும் தந்து உபசரித்தார். பெரியம்மா திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மென்றவாறு, கேட்காமலே கதை சொல்லத் தொடங்கினார்.

அவருடைய தந்தை இளைஞராயிருந்தபோது, ஒரு சித்திரை மாதத்து முற்பகலில் கடற்கரையில் நின்று கிழக்கே கரும்புகை எழுவதைக் கண்டாராம். 1942 ஏப்பிரில் 9ஆம் திகதி அது. திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து விலகித் தெற்கே சென்றிருந்த ‘ஹெர்மிஸ்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலை யப்பானிய விமானங்கள் குண்டுவீசி மூழ்கடித்தன. விமானங்களைச் சுமப்பதற்கென்றே வரையப்பட்ட முதற்கப்பல் எனப் பெயர் பெற்றது அது. ஆயினும் அன்று அதன் தளத்தில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. 307 பேர் மாண்டனர். உயிர் தப்பியோரிற் சிலர் இக்கரைக்கு நீந்தி வந்தனர். அக்கப்பல் இன்றும் மட்டக்களப்புக்குக் கிழக்கே கடலடியில் கிடக்கிறது.

“அது அப்பா கண்டது. நான் கண்டது வேற” என்றார் பெரியம்மா.

அவர் கண்டது 1958ஆம் ஆண்டில். திமிலைதீவில் விமானத்தளம் திறக்கப்பட்ட காலம் அது. எயார் சிலோன் விமானங்கள் வரத் தொடங்கின. மண்டூரிலிருந்து பாதையேறி, பின் வண்டிகட்டிக்கொண்டு, தந்தையார் இச்சிறுமியை விமானம் பார்க்க அழைத்து வந்தார். திருவிழாவுக்கு வருவது போலச் சனங்கள் வந்திருந்தனராம். சந்தைக்குக் கொண்டுபோகும் பொருளை அவரவர் கையிலேயே வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றனராம்.

“அண்டைக்கு நானும் கை காட்டினன் மனே” என்றார்.

பிறகு அவர் மௌனமானார். அம்மௌனத்தின் காரணம் மட்டக்களப்பார் எவர்க்கும் தெரிந்ததே. 1983ஆம் ஆண்டில் இத்தளம் விமானப்படையின் பொறுப்புக்குச் சென்றது. அதன்பின் வானத்தில் இயந்திர ஓசை கேட்டால் எவரும் கை காட்டவில்லை. தாய்மார் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினர். ஓசையைக் கொண்டே அது எவ்வகை விமானம், வருகிறதா போகிறதா என்று ஐந்து வயதுப் பிள்ளையும் கூறும். எமது சிறுவர் இன்று கொப்பியில் எழுதி மகிழும் அவ்வித்தையை, அவர்தம் பெற்றோர் உயிருக்கு அஞ்சிக் கற்றிருந்தனர். 2009இல் யுத்தம் முடிந்தது. ஆயினும் பெரியம்மா மட்டும் அன்று தொடக்கம் இன்றுவரை, எந்த ஓசை கேட்டாலும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள்ளே போய்விடுவார். நாமும் அதுபற்றிக் கேட்பதில்லை. விமானம் பார்க்க வரமாட்டேன் என்று அவர் கூறியது அதனாற்றான்.

2018ஆம் ஆண்டில் இந்நிலையம் புதுப்பிக்கப்பட்டு உள்நாட்டுப் பயணிகளுக்காகத் திறந்துவைக்கப்பட்டது. கொழும்பிலிருந்து இரவெல்லாம் புகையிரதத்தில் அசைந்து வரும் தூரத்தைச் சிறு விமானம் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். பெரிய விமானங்களுக்கு இத்தீவின் ஓடுபாதை போதாது. எனவே இங்கு வருவன சிறியவையே. எப்போது வரும் என்று நிச்சயமாகக் கூற முடியாது. விமானம் பார்ப்போனுக்குத் தூண்டிற்காரனின் பொறுமை வேண்டும்.

பகல் சாயத் தொடங்கிய வேளை. நாம் நம்பிக்கையிழந்து பாயைச் சுருட்ட எண்ணியபோது, மேற்கே, படுவான்கரைப் பக்கமாக, வண்டு முரல்வது போன்ற மெல்லிய ஓசை எழுந்தது. சிறுவர் துள்ளியெழுந்தனர். “செஸ்னா கரவான்! ஒற்றைக் காற்றாடி!” என்று மூத்தவன் கூவினான். வெண்ணிறத்தில், அடியில் இரு மிதவைகள் பூட்டப்பெற்று, மிதவைகளிலிருந்து சில்லுகள் நீண்டிருக்க, நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல அச்சிறு விமானம் வாவியின் மேல் தாழ்ந்து வந்தது. அதன் நிழல் நீரின் மீது அதற்கு முன்னே ஓடிவந்தது. வலை வீசியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் குனிந்தார்.

நாம் திரும்பித் திண்ணையை நோக்கினோம். பெரியம்மா எழுந்து நின்றிருந்தார். ஒரு கை கதவு நிலையைப் பற்றியிருந்தது. உள்ளே போகப்போகிறார் என்றே நினைத்தோம். இளையவன் ஓடிச்சென்று அவர் மறுகையைப் பிடித்தான்.

“அம்மம்மா, வாங்க. அது ஆக்களக் கொண்டுவாற விமானம்தான். பாருங்க, எவ்வளவு சின்னன்!”

சிறிது நேரம் அவர் அசையவில்லை. விமானம் மரங்களுக்குப் பின்னால் இறங்கி மறைந்தது. ஓசை அடங்கியது. கொக்குகள் மீண்டும் வந்து தத்தம் இடங்களில் நின்றன. பெரியம்மா மெல்லக் கதவு நிலையை விட்டார்.

“அதுக்குள்ள எத்தினை பேர் இருப்பாங்க மனே?”

“எட்டுப் பேர் வரலாம், அம்மம்மா.”

“எட்டுப் பேரா? நம்மட மண்டூர்ப் பாதையில அதவிடக் கூட ஏறும்” என்றார். பின்னர் முற்றத்துக்கு இறங்கி வந்து, எமது பாயின் ஓரத்தில் அமர்ந்தார்.

அவ்விமானம் திரும்பிப் புறப்படும்வரை நாம் காத்திருந்தோம். அதற்கு அரைமணி நேரத்துக்கு மேற்சென்றது. இருள் சூழுமுன் வீடு திரும்பவேண்டுமே என்று நாம்தான் அவசரப்பட்டோம், பெரியம்மா அவசரப்படவில்லை. ஓசை மீண்டும் எழுந்தபோது அவர் இளையவனின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. ஞாயிறு படும் திசையில் அவ்விமானம் ஒரு புள்ளியாகிக் கரையும்வரை, கண்ணுக்கு மேலே கையை வைத்து நோக்கியபடி இருந்தார்.

சிறுவர் கொப்பியில் அன்றைய கணக்கில் ஒரே ஒரு விமானம்தான் எழுதப்பட்டது.