உகந்தைக்குப் போய்ச் சேர்தல்

கதிர்காமத்துக்கு நடந்து போகப்போகிறோம் என்று சொல்லும் இளம்பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, “காட்டில் யானை வருமா?” என்பதைத்தான். அடுத்தது, “எத்தனை நாள் பிடிக்கும்?” என்பது. நடை தொடங்குகிற இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்று கேட்பவர் மிகக் குறைவு. அது ஏதோ பஸ்காரனின் வேலை என்று நினைக்கிறார்கள். இந்த வயதில் நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: யானையைப் பற்றிப் பிறகு பேசலாம், நடை தொடங்குகிற உகந்தைக்கு என்றைக்கு, எந்த வழியால், எந்த நிலையில் போய்ச் சேரப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பாதி நடை அதிலேயே தீர்ந்துவிடும்.

எங்கள் தாத்தாமார் காலத்தில் இந்தக் கேள்வியே இருக்கவில்லை. வீட்டுப்படியில் இறங்கினால் யாத்திரை தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்தார் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் கூடிப் புறப்படுவார்கள். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன், திருகோணமலைக் கோணேசர், வெருகல் முருகன், மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் என்று கோயில் கோயிலாகத் தங்கி, கரையோரமாகவே தெற்கே இறங்குவார்கள். கிழக்கில் உள்ளவர்கள் தங்கள் ஊர் வழியால் அந்தக் கூட்டம் வரும்போது சேர்ந்துகொள்வார்கள். 1983க்குப் பிறகு வடக்கிலிருந்து வரும் நீண்ட நடை போரால் அறுந்துபோனது. 1972 இல் இந்தப் பாதையில் நடந்த அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் போன்றவர்கள் 1988 இல் அதைத் திரும்பவும் உயிர்ப்பிக்க முன்னின்றார்கள். இன்றைக்குச் சந்நிதியிலிருந்து மே மாதமே ஒரு கூட்டம் புறப்பட்டு, ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து வருகிறது. ஆனால் கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் உகந்தை முருகன் கோயில் வரைக்கும் வாகனத்தில் வந்து, அங்கிருந்து காட்டுக்குள் இறங்குகிறவர்கள்தான்.

இதை வைத்து ஒரு ஏளனம் இருக்கிறது. “சந்நிதியிலிருந்து வந்தவன்தான் யாத்திரிகன், உகந்தையிலிருந்து வருகிறவன் சுற்றுலாக்காரன்” என்று சிலர் பேசுவார்கள். எனக்கு இந்தப் பேச்சுப் பிடிப்பதில்லை. ஒன்றரை மாதம் வீட்டை விட்டு வரக்கூடியவர் யார்? பிள்ளைகளைக் கரைசேர்த்த முதியவர், வயல் வெட்டி முடித்தவர், துறவி. வங்கியில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஆண்டு விடுமுறையில் ஒரு கிழமை கிடைத்தாலே பெரிது. அவள் அந்த ஒரு கிழமையை முருகனுக்குக் கொடுக்கிறாள். எந்த இடத்தில் தொடங்குவது என்பதை உங்கள் காலும் கையிருப்பில் உள்ள நாள்களும் வீட்டுக் கடமையும்தான் தீர்மானிக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரின் வாய் அல்ல.

எனக்குத் தெரிந்த ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். போனால் சந்நிதியிலிருந்துதான் போவேன், அரைகுறையாகப் போகமாட்டேன் என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வூதியம் வரட்டும் என்றார். அது வந்தது. மகளின் கலியாணம் முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. அதற்குள் இரண்டு முழங்காலும் போய்விட்டன. அவருடைய மனைவி எந்தச் சபதமும் செய்யவில்லை. கோயிலுக்கு வரும் நாலு பெண்களோடு ஒரு வானில் ஏறி உகந்தைக்குப் போனார், நடந்தார், கதிர்காமத்தில் தீர்த்தம் ஆடிவிட்டு வந்து மறுநாளே சமைக்கத் தொடங்கினார். வாத்தியார் இப்போதும் சந்நிதிப் பாதையில் உள்ள தங்குமடங்களை வரிசை தப்பாமல் சொல்வார்.

தொடங்கும் இடம் முடிவான பிறகு நாள். இங்கேதான் வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். நாள்களை முன்னாலிருந்து எண்ணக்கூடாது, பின்னாலிருந்து எண்ண வேண்டும். கதிர்காம உற்சவத்தின் முடிவு எசல பௌர்ணமியைச் சார்ந்தது. பௌர்ணமி கழிய மாணிக்க கங்கையில் தீர்த்தம். அது ஆங்கில நாள்காட்டிக்குக் கட்டுப்படாது. 2024 இல் எசல பௌர்ணமி ஜூலை 20 ஆம் தேதி வந்தது, அடுத்த ஆண்டு ஜூலை 10 ஆம் தேதிக்கு வந்துவிட்டது. போன ஆண்டு இந்த நாளில்தானே போனோம் என்று விமானச் சீட்டு எடுத்தவர்கள் பத்து நாள் பிந்திப்போவார்கள்.

அதோடு இன்னொரு பூட்டும் உண்டு. உகந்தைக்கு அப்பால் உள்ளது குமுண தேசிய பூங்கா. 2006 வரை அதன் பெயர் யால கிழக்கு. அதைத் தாண்டினால் கும்புக்கன் ஆறு, ஆற்றுக்கு அப்பால் யால. சிறுத்தை, கரடி, யானை எல்லாம் நடமாடும் காடு என்பதால் நினைத்த நாளில் நுழைய முடியாது. உற்சவத்தை ஒட்டிச் சுமார் இரண்டு கிழமை மட்டும் பாதை திறப்பார்கள். எந்த நாளில் திறப்பது, எந்த நாளில் மூடுவது என்பதை ஒவ்வொரு ஆண்டும் அதிகாரிகள் கூட்டம் வைத்துத்தான் அறிவிக்கிறார்கள். அறிவித்த நாள் பிறகு மாறுவதும் உண்டு. ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கொடியேற்றத்தையும் தீர்த்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதை திறந்திருக்கக்கூடிய காலத்தின் நடுப்பகுதியில் உங்கள் நடையை வையுங்கள். திறக்கிற நாளன்று உகந்தையில் கால் வைக்க இடம் இருக்காது. மூடுகிற நாளுக்கு வந்தால் பின்னால் யாரோ துரத்துவது போலவே நடக்க வேண்டிவரும். விமானச் சீட்டு கொஞ்சம் விலை கூடினாலும் நாள் மாற்றக்கூடியதாக எடுங்கள். மலிவுச் சீட்டை எடுத்துவிட்டு முருகன் தேதியை மாற்றவில்லை என்று கோபித்துக்கொள்வது எந்த நியாயத்திலும் சேராது.

கட்டுநாயக்கவில் இறங்கி, வெளியில் நிற்கும் வானில் ஏறி, 300 கிலோமீற்றருக்கு மேல் இரவோடிரவாக ஓடி, விடியற்காலையில் உகந்தையில் இறங்கி, அந்தக் காலையே காட்டுக்குள் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வந்த உடம்புக்கு அது இன்னும் நேற்றிரவுதான். ஜூன், ஜூலையில் கொழும்பில் மழைமுகில் தொங்கும், கிழக்கில் கச்சான் காற்று வீசும். மேற்கிலே மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி வறண்டு வருகிற காற்று அது. வியர்வையை வெளியில் தெரியவிடாமல் உறிஞ்சிவிடும். தாகம் எடுக்கும்போது ஏற்கனவே தாமதமாகியிருக்கும். இந்தக் காற்றோடு உடம்பு இரண்டு மூன்று நாளாவது பழகாமல் நடையைத் தொடங்கக்கூடாது.

அதனால் நான் சொல்கிற வழி மெதுவானது. கொழும்பிலிருந்து ரயிலில் மட்டக்களப்புக்கு வாருங்கள். கிழக்குக் கரையில் அதற்குத் தெற்கே தண்டவாளம் இல்லை. அங்கே உறவுக்காரர் வீடோ ஒரு விடுதியோ, இரண்டு இரவு தங்குங்கள். காலையும் மாலையும் வாவிக்கரையில் நடந்து பாருங்கள். பிறகு பஸ். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வரும். பாங்கு ஒலியும் கோயில் மணியும் மாறி மாறிக் கேட்கும். திருக்கோவிலில் இறங்குங்கள். கடலைப் பார்த்து நிற்கும் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் ஒரு பூசை பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். அவசரமாக வந்த ஒருவரும் திருக்கோவிலில் இறங்கியதில்லை. அதில் என்ன நட்டம் என்று கேட்பார்கள். அதற்குச் சொற்களில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது, இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

கோமாரி தாண்டிப் பொத்துவில். இங்கே ஒரு வேடிக்கை. நம்முடைய யாத்திரைக் காலமும் அறுகம்குடாவில் அலைச்சறுக்கு ஆடும் காலமும் ஒன்றுதான். ஆள் உயரப் பலகையோடு வரும் வெள்ளைக்காரப் பிள்ளையும் வேலோடு வரும் நம்முடைய ஆச்சியும் ஒரே பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். இரண்டு பேரும் தங்கள் தங்கள் வழியில் பக்தர்கள்தான் என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் பணப்பைக்கு அது வேடிக்கை இல்லை. அந்த மாதங்களில் அறுகம்குடாப் பக்கம் அறை வாடகை ஏறிவிடும், கடைசி நேரத்தில் அறையே கிடைக்காமலும் போகும். பொத்துவில் ஊருக்குள் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. இல்லையேல் கோயில் மண்டபத்தில் பாய் போட்டுப் படுக்கப் பழகிக்கொள்ளுங்கள். எப்படியும் அடுத்த நாலைந்து நாள் அதுதான்.

பொத்துவிலிலிருந்து பாணமை, பாணமையிலிருந்து உகந்தை. பாணமைக்கு அப்பால் கடைகண்ணி அருகிவிடும். காசு எடுக்க வேண்டியவர்கள் பொத்துவிலிலேயே எடுத்துவிட வேண்டும். உற்சவ காலத்தில் வாகனங்கள் ஓடும் என்றாலும் இருட்டிய பிறகு அந்தப் பாதையில் பயணத்தை வைக்காதீர்கள். யானைக்கு நம்முடைய நேரசூசி தெரியாது.

இத்தனை தூரம் வந்தபின் உகந்தையில் ஓர் இரவு கட்டாயம் தங்க வேண்டும். காட்டுக்குள் நுழைவதற்கு நேர வரையறை இருப்பதால் பிந்தி வருகிறவர்கள் எப்படியும் தங்கத்தான் வேண்டிவரும். நான் சொல்வது திட்டமிட்டே தங்குவதை. கடலும் பாறையும் சேருகிற இடத்தில் கோயில். கொழும்பில் கட்டிய பையை அங்கே அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தால் பாதி தேவையில்லை என்று தெரியும். அதைத் திரும்பிப் போகிற வானில் கொடுத்து விடலாம், காட்டுக்குள் போன பிறகு கொடுக்க ஆளில்லை. அதைவிட முக்கியமானது, யாரோடு நடப்பது என்று அந்த இரவில்தான் முடிவாகும். அன்னதான வரிசையில் பக்கத்தில் நிற்பவர் கதிர்காமத்துக்கு எத்தனை முறை நடந்து போனவர், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அறிந்தவர் யார், பகல் வெயிலில் நடக்கிற கூட்டம் எது, விடியமுன் எழும்பி நடக்கிற கூட்டம் எது என்பதெல்லாம் பேச்சோடு பேச்சாக வெளியே வரும். உகந்தையில் எல்லோரும் ‘சாமி’தான். பொறியியலாளர் சாமி, மீன்பிடிக்கிற சாமி, கனடாவிலிருந்து வந்த சாமி. அந்த அழைப்புக்குத் திரும்பிப் பார்க்கப் பழகவே சிலருக்கு ஓர் இரவு தேவைப்படுகிறது. பெரிய பதவியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடத் தேவைப்படலாம்.

இனிச் சில்லறை விஷயங்கள். புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வராதீர்கள், பழகிய செருப்பே போதும், வெறுங்காலோடு நடக்க நேர்ந்தவர்கள் ஊரிலேயே மணலில் நடந்து பழகியிருக்க வேண்டும். சீனி வருத்தம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கண்டு, மருந்தை இரண்டு பங்காகப் பிரித்து ஒன்றைத் துணைக்கு வருபவரிடம் கொடுங்கள். நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற்று நாலைந்து. தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டின் பிரதி. காட்டுக்குள் தொலைபேசியை நம்பாதீர்கள், இத்தனை நாள் அழைக்கமாட்டேன் என்று வீட்டாருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பொலித்தீனைக் காட்டில் போடாதீர்கள், அதைத் தின்று சாகிற மானுக்கும் முருகன்தான் காவல்.

வீட்டாரிடம் சொல்வது என்றேன். அது வெறும் தகவல் சொல்வதல்ல. நோயாளித் தாயைத் தங்கையின் தலையில் கட்டிவிட்டு, “நேர்த்தி இருக்கிறது” என்று ஒரே வார்த்தையில் புறப்படுகிறவர்கள் உண்டு. நேர்த்திக்கடன் வைத்தவர் நீங்கள், அந்த ஒன்றரைக் கிழமையைச் சுமக்கிறவள் அவள். முதலில் அவளிடம் கேளுங்கள். முடியாது என்று சொன்னால் இந்த ஆண்டு வேண்டாம். கொடி அடுத்த ஆண்டும் ஏறும்.

கடைசியாக, அநேகமாக எல்லோரும் மறப்பது, திரும்பி வருவது. தீர்த்தம் முடிந்த அன்று கதிர்காமத்திலிருந்து புறப்படும் பஸ்களில் தொங்கிக்கொண்டு போவதற்கு நடந்து களைத்த கால்கள் தாங்காது. அன்றிரவு அங்கேயே தங்கிச் செல்லக்கதிர்காமத்தையும் பார்த்துவிட்டு மறுநாள் காலை கிளம்புங்கள். கிழக்குக்குப் போகிறவர்கள் புத்தல, மொனராகலை வழி. கொழும்புக்குப் போகிறவர்கள் மாத்தறை வழி. வெளிநாட்டுக்குத் திரும்புகிறவர்கள் விமானத்துக்கு முன்னால் குறைந்தது மூன்று நாள் இடைவெளி விடுங்கள். காலில் கொப்புளத்தோடு பத்து மணிநேரம் விமானத்தில் உட்கார்ந்திருப்பது பற்றி எந்தச் சாமியைக் கேட்டாலும் சொல்வார்.