மூன்றாவது பறப்பில் என்ன நடந்தது?

எங்கள் வானொலி நிலையத்தில் ஒரு கணினிக்கு ஒரே வேலைதான். ஒலிபரப்பாகும் ஒவ்வொரு நொடியையும் அது பதிவு செய்துகொண்டே இருக்கும். பாட்டு, செய்தி, விளம்பரம், நான் ஒலிவாங்கியை அணைக்க மறந்த நேரத்து இருமல் எல்லாம் மணிக்கொரு கோப்பாகச் சேர்ந்துவிடும். "நீங்கள் அப்படிச் சொன்னீர்களே" என்று நேயர் யாராவது புகார் செய்தால், அந்த மணிக்குரிய கோப்பைத் திறந்து கேட்கலாம். அந்த வாக்கியம் 9 மணிக்குச் சற்று முன்பு தொடங்கி, 9 மணிக்குப் பிறகு முடிந்திருந்தால்தான் தலைவலி. பாதி ஒரு கோப்பில், மீதி அடுத்த கோப்பில். இரண்டையும் இழை பிசகாமல் ஒட்டினால்தான் நான் என்ன சொன்னேன் என்பது தெரியும். தவறாக ஒட்டினால் நான் சொல்லாததையும் சொன்னதாக ஆகிவிடும்.

டிரோன் விஷயத்திலும் கதை இதேதான். அங்கே பறிபோகப் பார்த்தது ஒருவரின் சம்பளம்.

என் சித்தப்பா மகன் பேராக்கில் ஒரு நில அளவை நிறுவனத்தில் டிரோன் ஓட்டுகிறான். செம்பனைத் தோட்டங்களுக்கு மேலே பறக்கவிட்டு, படமெடுத்து, மரங்களை எண்ணிக் கொடுப்பது அவன் வேலை. தாத்தா பால்மரம் வெட்டிய நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது, அதற்கு மேலே பேரன் டிரோன் விடுகிறான். சித்திக்கு இதில் பெருமை அதிகம்.

சில மாதங்களுக்கு முன்பு அவன் ஓட்டிய டிரோன் தோட்டத்துக்குள் விழுந்து நொறுங்கியது. பேட்டரி குறைந்துவிட்டதாக எச்சரிக்கை வந்தும் அவன் இறக்கவில்லை என்றது நிறுவனத்தின் அறிக்கை. பழுதுச் செலவை ஆறு மாதம் சம்பளத்தில் பிடிப்பது என்று முடிவு செய்துவிட்டார்கள். வீட்டில் கைக்குழந்தை. "அக்கா, நான் நல்ல பேட்டரி மாத்திட்டுத்தான் ஏத்தினேன். கோப்புலயே இருக்குன்னு சொல்லி வாயை மூட வைக்கிறாங்க" என்றான்.

கோப்பில் உண்மையில் என்னதான் இருக்கும்? அவர்கள் பயன்படுத்துவது ஆர்டுபைலட் என்ற இலவச மென்பொருள். பறக்கும்போது தனக்கு நேர்வதையெல்லாம் அது எழுதிக்கொண்டே போகும். எவ்வளவு சாய்ந்தது, எவ்வளவு அதிர்ந்தது, பேட்டரியின் மின்னழுத்தம் என்ன, எந்த மோட்டாரிடம் எவ்வளவு விசை கேட்டது, செயற்கைக்கோள் கணக்குப்படி எங்கே இருந்தது என்று ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான பதிவுகள். ஒரு காலை நேர வேலையிலேயே கோப்புகள் பெருத்துவிடும். ஜிமெயிலில் 25 மெகாபைட்டுக்கு மேல் இணைக்க முடியாது. எக்செல் 1,048,576 வரிகளோடு நின்றுவிடும், அதற்கு மேல் உள்ளது அந்தத் தாளில் ஏறாது. ஆகவே வெட்டுகிறார்கள், ஒட்டுகிறார்கள்.

வெட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கோப்பை ரொட்டி மாதிரி 20 மெகாபைட் துண்டுகளாக அறுத்தால் முதல் துண்டு மட்டும் ஒழுங்காகத் திறக்கும். எந்தப் பதிவில் எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற அகராதி கோப்பின் தலைப்பகுதியில் இருப்பதுதான் காரணம். அது இல்லாத துண்டு வெறும் எண் குவியல். எனவே ஒவ்வொரு துண்டின் முன்னாலும் அந்த அகராதியை நகலெடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பதிவும் 163, 149 என்ற இரண்டு எண்களோடு தொடங்கும். கத்தி அந்த இடத்தில்தான் இறங்க வேண்டும், நடுவில் அல்ல. டிரோன் தரையிறங்கி மோட்டார்கள் நின்ற இடமாகப் பார்த்து வெட்டினால் இன்னும் நல்லது. மோட்டார் நின்றதும் புதுக் கோப்பு தொடங்கும்படி செய்கிற அமைப்பு அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. அதைப் போட்டு வைத்தால் பாதி வேலை மிச்சம்.

தம்பியைக் கவிழ்த்தது ஒட்டு வேலை.

அன்று டிரோன் மூன்று முறை பறந்தது. ஒவ்வொரு முறையும் பேட்டரி மாற்றும்போது கருவி அணைந்து மறுபடி உயிர்பெறும். உயிர்பெற்றதும் அதன் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். அலுவலகத்தில் யாரோ மூன்று கோப்புகளிலிருந்தும் தேவையான வரிகளை ஒரே அட்டவணையில் கொட்டி, அந்தக் கடிகாரப்படி வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். இரண்டாவது பறப்பில் போட்டது பழைய பேட்டரி. 14ஆம் நிமிடத்தில் எச்சரிக்கை வந்தது, தம்பி உடனே பத்திரமாக இறக்கிவிட்டான். மூன்றாவது பறப்பில் டிரோன் விழுந்தது 15ஆம் நிமிடத்தில். கலந்து அடுக்கிய அட்டவணையில் எச்சரிக்கையும் விழுந்ததும் அக்கம்பக்கமாக நின்றன. படிப்பவர் யாராக இருந்தாலும் அவன்மேல்தான் பழி போடுவார்.

தீர்வு அதே கோப்பில்தான் இருந்தது. செயற்கைக்கோள் பதிவுகளில் வார எண்ணும், அந்த வாரத்தில் கடந்துபோன மில்லிநொடிகளும் இருக்கும். கருவியை அணைத்தாலும் அவை பூஜ்யத்துக்குத் திரும்பாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, மடிக்கணினியில் பைமாவ்லிங்க் என்ற இலவசக் கருவியை வைத்துக்கொண்டு தம்பி மூன்று பறப்புகளையும் அதன்படி அடுக்கினான். மூன்றாவது பறப்பில் மின்னழுத்தம் இறுதிவரை நன்றாகவே இருந்தது. ஒரு பக்கத்து மோட்டாரிடம் கருவி முழு விசை கேட்டிருக்கிறது, ஆனாலும் டிரோன் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. அதாவது கேட்ட விசை அங்கே கிடைக்கவில்லை. மோட்டாரோ, இறக்கையோ, அதற்கு மின்சாரம் தரும் பாகமோ கைவிட்டிருக்கிறது.

தோட்டத் தொழிலாளி ஒருவர் கைப்பேசியில் எடுத்த காணொளியும் இருந்தது. முதலில் நேரம் ஒத்துப்போகவில்லை. காணொளியைவிடப் பதிவில் டிரோன் ஏறக்குறைய 18 நொடி தாமதமாக விழுந்தது. எனக்குப் பயமாகிவிட்டது, இதை வைத்தே நம் பக்கத்தைப் பொய் என்பார்களே! விஷயம் எளியது. ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. உலக நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்படும் லீப் நொடியை ஜிபிஎஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைக் கழித்து, நம் எட்டு மணி நேரத்தைக் கூட்டியதும் இரண்டும் பொருந்தின.

அதன் பிறகு என் பங்கு. காணொளியின் ஒலியை மட்டும் பிரித்து, நிகழ்ச்சி தொகுக்கும் மென்பொருளில் போட்டுக் கேட்டேன். ஒரே சீராக வந்த இரைச்சலில் சட்டென ஓர் உடைப்பு, உடனே சுதி மேலேறுகிறது, பிறகுதான் மரக்கிளைகள் முறியும் சத்தம். அந்த உடைப்பு விழுந்த இடமும் பதிவில் விசை முழு அளவுக்கு ஏறிய இடமும் ஒரு நொடி வித்தியாசத்துக்குள் இருந்தன.

மூலக் கோப்புகளைத் தொடாமல் அப்படியே வைத்து, அகராதியோடு வெட்டிய துண்டு, ஒலிப்பதிவு, ஒரு பக்க விளக்கம் ஆகியவற்றைத் தம்பி நிறுவனத்திடம் கொடுத்தான். பத்து நாள் பதில் இல்லை. பிறகு சம்பளப் பிடித்தம் நின்றது. மன்னிப்பு என்றோ, அறிக்கையைத் திருத்தினோம் என்றோ ஒரு வரி வரவில்லை. இப்போது அவன் ஒவ்வொரு பேட்டரியிலும் எண் ஒட்டி, கோப்பின் பெயரிலேயே தேதி, தோட்டப் பகுதி, பேட்டரி எண் மூன்றையும் எழுதி வைக்கிறான். ஏற்கெனவே பிடித்த இரண்டு மாதப் பணம் இன்னும் கைக்கு வரவில்லை. ஒவ்வொரு சம்பள நாளிலும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.