எதையும் தாங்கும் டீசல் வண்டி!

எங்க வையம்பட்டியில திருச்சி - திண்டுக்கல் ரோட்டோர டீக்கடையில அரை மணி நேரம் உக்காந்தா போதும், டீசல் இன்ஜின் பத்தி ஒரு புத்தகமே எழுதலாம். என்ன, அதுல பாதி தப்பா இருக்கும் :-) லாரி, டிராக்டர், காருன்னு எதை ஓட்டுறவரா இருந்தாலும் கடைசித் தீர்ப்பு ஒண்ணுதான்: "பெட்ரோல் வண்டின்னா பாத்துப் பாத்து ஓட்டணும் தம்பி. டீசல் வண்டி எதையும் தாங்கும்."

இந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. எங்க ஆளுங்க டீசல் இன்ஜினோட பழகினது கிணத்து மேட்டுல. கைப்பிடியைப் போட்டுச் சுத்தினா 'டுக் டுக்'னு கிளம்பும். மழையில நனையும், எண்ணெய் ஒழுகும், ஆனாலும் ஓடும். அந்த நினைப்போடயே இன்னைக்கு வர்ற வண்டியையும் பாக்குறாங்க. சிக்கலே அங்கதான்.

ருடால்ஃப் டீசல் 1897ல ஜெர்மனியில ஓட்டிக் காட்டின தத்துவம் இன்னைக்கும் மாறலை. ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை நல்லா அமுக்கினா 500 டிகிரிக்கு மேல சூடாகும், அதுல டீசலைப் பீய்ச்சினா தானா பத்திக்கும். மாறினது அந்தப் பீய்ச்சுற முறை. இப்போ வர்ற காமன் ரெயில் இன்ஜின்ல டீசலோட அழுத்தம் 1600 பாருக்கு மேல போகும். கார் டயர்ல நாம அடிக்கிற காத்து சுமார் 2 பார்தான். இன்ஜெக்டர் ஓட்டையோ கிட்டத்தட்ட தலைமுடி கனம். இது எப்படிங்க 'எதையும்' தாங்கும்?

சரி, டீக்கடைத் தீர்ப்புகளுக்கு வருவோம்.

"கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தா பிக்கப் கிடைக்கும்." டீசல் பம்புக்கு உள்ள தேய்மானம் ஆகாம பாத்துக்கிறதே அது வழியா ஓடுற டீசல்தான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு பத்தாது. எங்க மாமா பையன், மணப்பாறை சந்தைக்கு மாடு ஏத்துறவன், தவணையில ஒரு பழைய வண்டி வாங்கினான். முன்னாடி வச்சிருந்தவர் பண்ணின கலப்பட வேலை இவன் தலையில விடிஞ்சுது. பம்பு தேய்ஞ்சு, அந்த இரும்புத்தூள் நாலு இன்ஜெக்டருக்கும் போயிருச்சு. வண்டி மூணு வாரம் ஷெட்டுல. தவணை மட்டும் நிக்கலை. கடைசியில அத்தையோட வளையல் அடகுக்குப் போச்சு.

"இறக்கத்துல நியூட்ரல் போட்டா டீசல் மிச்சம்." இதுதான் ரொம்ப ஆபத்தானது. எங்க ஊர் வண்டிங்க வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல் போயிட்டு இறங்கும்போது இதைத்தான் செய்றாங்க. இப்போ உள்ள இன்ஜின்ல, கியர்ல இருக்கும்போது ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா டீசல் பீய்ச்சுறதே நின்னுடும். நியூட்ரல் போட்டாத்தான் இன்ஜின் அணையாம இருக்க டீசல் செலவாகும்! அதோட இன்ஜின் இழுத்துப் பிடிக்கிறதும் போயி, மொத்த பாரமும் பிரேக் மேல விழும். பிரேக் சூடாச்சுன்னா பிடிக்காது.

சிலர் சாவியவே அணைச்சுடுறாங்க. பெரும்பாலான டீசல் கார்கள்ல பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடத்தை இன்ஜினோட சுத்துற ஒரு பம்புதான் கொடுக்குது. இன்ஜின் நின்னா, ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். கொண்டை ஊசி வளைவுல அந்த நிலைமை யாருக்கும் வேண்டாம். ஏறின கியர்லயே இறங்குன்னு பழைய டிரைவருங்க சொல்றது சத்தியமான வார்த்தை.

"ஆயில் மாத்தின மறுநாளே கறுத்துடுச்சு, மெக்கானிக் ஏமாத்திட்டான்." பாவம் மெக்கானிக்! டீசல் எரிஞ்சா கரி வரும். அந்தக் கரியை இன்ஜின்ல படிய விடாம தன்னோட மிதக்க வச்சிருக்கிறது ஆயிலோட வேலை. கறுப்பானா வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆயில் மாத்துறதுக்குக் கலரைப் பாக்காதீங்க, கிலோமீட்டரைப் பாருங்க.

கடைசியா, 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்த பிறகு பிறந்த புதுசு. ரோட்டோரக் கடைகள்ல பக்கெட்ல விக்கிற அந்தத் திரவம் டீசல்ல கலக்குறது இல்லை. அதுக்குத் தனி டேங்க். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணி. சைலன்சர் பக்கம் போற புகையில பீய்ச்சி, நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாவும் நீராவியாவும் மாத்துறதுக்கு. "யூரியாதானே? வயலுக்கு வாங்கின மூட்டையில கொஞ்சம் கரைச்சா ஆச்சு"ன்னார் ஒரு அண்ணன். வயலுக்குப் போடுற யூரியா 2015ல இருந்து முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருது. நெல்லுக்கு நல்லது. வண்டிக்குள்ள போனா புகையைச் சுத்தம் பண்ற அந்த பாகமே அடைச்சுப் போகும், மாத்தணும்னா பெரிய செலவு.

டீசல் வண்டி பலசாலிதான், நான் இல்லைன்னு சொல்லலை. பாரம் இழுக்கும், லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். அதுக்கு நல்ல டீசல், நேரத்துக்கு ஃபில்டர், நேரத்துக்கு ஆயில் வேணும். இந்த மூணையும் விட்டுட்டு டீக்கடைப் பேச்சை நம்பினா, வளையல்தான் அடகுக்குப் போகும்.

உங்க ஊர்ப்பக்கம் டீசல் வண்டியைப் பத்தி என்னென்ன கதை ஓடுது மக்களே?